பேரைக் கேட்டுத்தான் மருந்து

ரூபி போன வாரம் லீவுக்கு வந்தபோது, மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் முன்னால் இருக்கக் கை நனைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா என்னென்னவோ கேட்டுப் பார்த்தாள். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. நர்சுப் படிப்பில் மருந்துத் தட்டோடு போனவள், கட்டிலில் கிடந்த ஒரு அம்மாளிடம் "உங்க பேரு என்ன?" என்று கேட்டிருக்கிறாள். கூட வந்த மூத்த நர்சு, கட்டிலுக்கு நம்பர் இருக்கிறது, நம்பருக்குச் சீட்டு இருக்கிறது, நீ என்ன சம்பந்தம் பேசவா வந்தாய் என்று வார்டே சிரிக்கும்படி கேட்டாளாம்.

"இனிமே நானும் நம்பரைப் பாத்தே கொடுத்திருதேன்பா" என்றாள் ரூபி.

கொடுக்கமாட்டாய். நீ என் மகளாக இருக்கும்வரை கொடுக்கமாட்டாய். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உன் அண்ணன்மாரும் படிக்கட்டும், அவர்களுக்கும் நாளைக்கு யாருக்காவது மருந்து ஊற்றிக் கொடுக்க வேண்டிவரும். நான் ஏழாம் வகுப்புவரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் திருத்த ஒன்றுமில்லை.

நான் வேலை பார்த்தது ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். தக்கலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவிலே எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள், ஊர்ப் பேரை எழுதமாட்டேன். பேரு கேட்டே பிழைத்தவன் பேரை மறைக்கிறானே என்று சிரிக்காதீர்கள். நாம் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்த காலம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் அங்கே சேர்ந்தேன். ஆண்கள் வார்டுக்கு ஆண் நர்சு என்று வைத்திருந்தார்கள். ஆனால் நர்சு என்றால் எங்கள் ஊரில் பொம்பிளை என்று அர்த்தம். அதனால் ஜனங்கள் எங்களைக் கம்பவுண்டர் என்று கூப்பிட்டுத் தங்கள் சங்கடத்தைத் தீர்த்துக்கொண்டார்கள். நாங்களும் திருத்தவில்லை.

படித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கட்டுத்துணி துவைத்தோம், மலச்சட்டி கழுவினோம், காலையில் ஜெபம், சாயங்காலம் பாடம். டிராம், அவுன்சு, மினிம் என்று மருந்து அளவுகள் எல்லாம் மனப்பாடம். பரீட்சை எழுதிப் பாஸாகி, வெள்ளைச் சட்டை வாங்கினேன். அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் படித்தது பாக்கியம் சிஸ்டரிடம்.

பாக்கியம் சிஸ்டருக்கு ஊர் களியக்காவிளைப் பக்கம். பேச்சில் பாதி மலையாளம். உயரமான பொம்பிளை, நடந்தால் சத்தம் கேட்காது. இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்துக்குக்கூடத் துணி சுற்றி வைத்திருப்பார். நாம் மருந்து அலமாரி முன்னால் நிற்போம். பின்னால் எப்போது வந்தார் என்று தெரியாது, மூச்சு மட்டும் கழுத்தில் படும். நாம் செய்கிறது சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். அதுதான் பாராட்டு. பத்து வருஷத்தில் எனக்கு வேறு பாராட்டு கிடைத்ததில்லை.

அந்த அலமாரியைச் சொல்ல வேண்டும். மேல்தட்டில் விஷமருந்துகள். அந்தப் புட்டிகள் மட்டும் நீல நிறம், உடம்பெல்லாம் வரிவரியாக மேடு தட்டியிருக்கும். கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. அதற்குத் தனிப் பூட்டு. கீழே கலவை மருந்துகள். புட்டியை எடுக்கும்போது ஒட்டியிருக்கிற சீட்டை வாசிக்க வேண்டும். ஊற்றும் முன்னால் வாசிக்க வேண்டும். திரும்ப வைக்கும்போதும் வாசிக்க வேண்டும். மனதுக்குள் வாசித்தால் போதாது, உதடு அசைய வேண்டும். சீட்டு உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி புட்டியைப் பிடித்தால்தான் வழிகிற மருந்து எழுத்தை அழிக்காது. அளவுக் கிளாஸைக் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஒரு கணக்கு, கீழிருந்து பார்த்தால் ஒரு கணக்கு. அதிகமாக ஊற்றிவிட்டால் திரும்பப் புட்டியில் விடக்கூடாது, வாளியில் கொட்டு. இன்னொருத்தர் ஊற்றிவைத்த மருந்தை நீ கொடுக்காதே. கொடுத்த மருந்து தொண்டைக்குக் கீழே இறங்கும்வரை இடத்தை விட்டு நகராதே.

இதெல்லாம் புஸ்தகத்திலும் இருந்தது. புஸ்தகத்தில் இல்லாதது ஒன்று. "பேரை நீ பறையாதே, அவன்கிட்டே கேளு" என்பார் சிஸ்டர். இரண்டும் ஒன்றுதானே என்று ஒருநாள் நாங்கள் முணுமுணுத்தோம். கூட இருந்த தானியேலுக்குத்தான் முணுமுணுப்பு அதிகம். சிஸ்டர் எங்களை வார்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். தங்கையன் என்று ஒரு பனையேறி கால் முறிந்து கிடந்தார். நல்ல புத்தியுள்ள மனுஷன், காதும் நன்றாகக் கேட்கும்.

"நீருதானே சாலமோன்?" என்றார் சிஸ்டர்.

"ஆமாம்மா" என்றார் தங்கையன்.

"வயித்தாலே போவுதுன்னு வந்தீரே, நின்னுதா?"

"நின்னுட்டும்மா."

சிஸ்டர் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "உம்ம பேரு என்னவேய்?" என்று கேட்டார்.

"தங்கையன்."

"பின்னே ஆமான்னு சொன்னீரே?"

தங்கையன் கொஞ்சம் யோசித்தார். "அம்மா கேட்டா அதிலே ஒரு காரியம் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

"மனசிலாச்சா?" என்று எங்களிடம் கேட்டுவிட்டு சிஸ்டர் போய்விட்டார்.

இதுதான் நம்முடைய ஜனம், ரூபி. வெள்ளை உடுப்பு போட்டவன் என்ன கேட்டாலும் ஆமா சொல்லும். மரியாதைக்கு ஒரு ஆமா, பயத்துக்கு ஒரு ஆமா. புரியாததற்கு முதல் ஆமா. அந்த ஆமாவை நம்பி ஒரு துளி மருந்து கொடுக்கக்கூடாது. பேரு அவன் வாயிலிருந்து வர வேண்டும், அவனால் முடியாவிட்டால் அவனுடைய ஆளின் வாயிலிருந்து வர வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த காரியத்துக்கு வருகிறேன்.

ஒரு ஐப்பசி மாதம். கொட்டாரம் ஊரில் என் தங்கச்சி கல்யாணம். லீவு முடிந்து மழையோடு மழையாகத் திரும்பி வந்து, மத்தியானம் வேலைக்கு ஏறினேன். நான் இல்லாத நாட்களில் மலைத்தோட்டத்திலிருந்து இரண்டு பேர் மலைக்காய்ச்சலோடு வந்து படுத்திருந்தார்கள். ஒருவர் வேலாயுதம், இன்னொருவர் ஆறுமுகம். வேலாயுதத்துக்குக் கொயினாக் கலவை, நீங்கள் குயினைன் என்பீர்களே அது, கொடுக்க வேண்டும், நேரம் தவறக்கூடாது. ஆறுமுகத்துக்கோ அதற்கு முன்னால் வேறு எங்கோ கொயினா கொடுத்து, மூத்திரம் கறுத்துப் போய்ப் பிழைத்திருக்கிறார். இனி அவருக்கு அந்த மருந்து ஒரு துளி போனாலும் ஆள் மிஞ்சமாட்டார் என்று பெரிய டாக்டர் எழுதிப் பலகையில் மாட்டியிருந்தார்.

அந்தப் பலகைகள் எங்கள் ஆஸ்பத்திரியில் கட்டிலில் தொங்குவதில்லை, தலைமாட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கும். அன்றைக்குக் காலையில் வார்டு ஓடு ஒழுகியிருக்கிறது. காலை முறையில் இருந்த தானியேல், ஒழுகாத பக்கமாகக் கட்டில்களை இழுத்துப் போட்டுவிட்டு, முறை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டான். நான் வந்து பார்த்தபோது பலகை எல்லாம் சுவரில் அப்படியே இருக்கிறது. ஆட்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள். மலைத்தோட்டத்து இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இரண்டு பேருக்கும் தலை மொட்டை, தாடி, மஞ்சள் கண், ஆஸ்பத்திரி வேட்டி. இரண்டு பேரும் நினைவில்லாமல் பிதற்றிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய டாக்டரும் பாக்கியம் சிஸ்டரும் வெளியூர் முகாமுக்குப் போயிருந்தார்கள். சின்ன டாக்டர்தான் பார்த்துக்கொண்டார். அவரைப் பற்றிக் குறைவாக நினைக்காதீர்கள். நன்றாகப் படித்தவர், நோயாளியைத் தொட்டுப் பார்ப்பவர், பணிவாகப் பேசுபவர். அவர் ஜன்னலோரத்துக் கட்டிலில் கிடந்தவரின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இவர்தான் வேலாயுதம், காய்ச்சல் தலைக்கு ஏறுகிறது, உடனே கொயினா கொடு என்றார். நான் அலமாரிக்குப் போய், வாசித்து, ஊற்றி, வாசித்து, கிளாஸோடு வந்தேன். கட்டில் காலடியில் ஒரு பொம்பிளை உட்கார்ந்து அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய பெஞ்சாதி, பொன்னம்மை என்று பேரு.

"இவரு பேரு என்னம்மா?" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டினவன் பேரைப் பெஞ்சாதி சொல்லமாட்டாள். உங்கள் அம்மா சொல்லுவாளா? இன்றைக்கும் என்னை 'ரூபிக்க அப்பா' என்றுதானே கூப்பிடுகிறாள்.

"திருச்செந்தூரு சாமி பேரு அண்ணாச்சி" என்றாள்.

ஆறுமுகமும் திருச்செந்தூர் சாமிதான். வேலாயுதமும் திருச்செந்தூர் சாமிதான்.

வேறு வழியில் கேட்டுப் பார்த்தேன். மாமியார் எப்படிக் கூப்பிடுவாள் என்றேன். மக்கா என்று கூப்பிடுவாளாம். தோட்டத்தில்? அண்ணாச்சி என்பார்களாம். கங்காணி? ஏலே என்பானாம். கூட வந்த ஆண்கள் எங்கே என்றேன். தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள். அடுத்த கட்டிலுக்குச் சொந்தக்காரரே இல்லை. இவளும் அந்த ஆளும் தோட்டத்து வரிசைவீடுகளில் வேறு வேறு லயம், அவன் யாரென்று இவளுக்குத் தெரியாது. தானியேலைக் கூட்டிவர வார்டு ஆளை அனுப்பினேன், வாய்க்கால் பெருகி ஆள் கடக்க முடியாமல் நிற்கிறது என்று பாதியிலேயே திரும்பி வந்தான்.

சின்ன டாக்டர் பார்த்துக்கொண்டே நின்றார். "வேலாயுதம்தானே அம்மா?" என்று அவர் கேட்டார்.

"ஆமா சாமி" என்றாள் அவள்.

"போதுமா?" என்றார் என்னிடம்.

நான் அவளைப் பார்த்து, "ஆறுமுகம்தானே?" என்றேன்.

"ஆமா சாமி" என்றாள் அதே குரலில்.

டாக்டருக்கு முகம் சிவந்தது. அவர் சொன்னதை நான் மறைக்கவில்லை, அதிலும் நியாயம் இருந்தது. இந்த முகத்தை நான் காலையில் பார்த்தேன், எனக்கு அடையாளம் தெரியும், நீ சடங்கு பார்த்துக்கொண்டிருக்கிறாய், அதற்குள் இவன் செத்துப்போவான் என்றார். "உங்களுக்குத் தெரியும், கொடுக்கிற கைக்குத் தெரியலையே ஐயா" என்றேன். அப்படியானால் கிளாஸை இங்கே கொடு, நானே கொடுக்கிறேன் என்று கையை நீட்டினார்.

நான் அந்தக் கிளாஸை வாளியில் கவிழ்த்தேன்.

நான் பொன்னம்மை பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். ஒரே காய்ச்சல் இரண்டு பேருக்கு. ஒரு ஆளை இந்த மருந்து எழுப்பும், மற்ற ஆளைக் கொல்லும். உன் ஆள் யாரு என்று உன் வாயால் சொல்லாமல் இந்த ஆஸ்பத்திரியில் என் கையால் ஒன்றும் கொடுக்கமாட்டேன்.

அவள் அழவில்லை. என்னையே வெறித்துப் பார்த்தாள். "சொன்னா அவருக்க ஆயுசு குறையும்" என்றாள்.

அவளுக்குச் சொன்னால் சாவு. எனக்குக் கேட்காமல் கொடுத்தால் சாவு. இரண்டு பேரும் அந்த மனுஷன் உயிருக்காகத்தான் பிடிவாதம் பிடித்தோம். அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அவள் கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் நான் எழும்பவில்லை.

அவள்தான் எழும்பினாள். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, புருஷனுடைய இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "வேலாயுதம்" என்றாள். வார்டு முழுக்கக் கேட்டது. "வேலாயுதம், எழும்பும். இவனுவ உமக்கு மருந்து தரமாட்டானுவளாம். நாம நம்ம லயத்துக்குப் போவோம். அங்க கிடந்து சாவோம், எழும்பும்."

போதும் தாயே என்று சொல்லிவிட்டு ஓடினேன். புட்டியை எடுத்து வாசித்தேன், ஊற்றும் முன்னால் வாசித்தேன், திரும்ப வைக்கும்போதும் வாசித்தேன். கிளாஸை அலமாரித் தட்டிலேயே வைத்து, நான் குனிந்து கண்ணுக்கு நேரே பார்த்தேன். வந்து கொடுத்தேன். கொயினாவின் கசப்புக்கு அவர் துப்பப் பார்த்தார், அவள் தாடையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இறங்கியது.

டாக்டர் சொன்னதுதான் சரி. அவர் வேலாயுதம்தான். அவருக்கு ஏற்ற மருந்துதான். நான் முதலிலேயே கொடுத்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும்.

இதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் தானியேல் வந்து விழுந்து விழுந்து சிரித்தான். "என்கிட்டே கேட்டிருந்தா சொல்லியிருப்பேம்லா, ஜன்னலோரம் வேலாயுதம்னு. அதுக்குப் போய் ஒருத்தியை மாப்பிள பேரைச் சொல்ல வச்சிட்டியே மக்கா" என்றான். எனக்குப் 'பேரு கேட்டான்' என்று பட்டப்பேரு வைத்தவனும் அவன்தான். சமையற்கட்டுவரை அது பரவியது. கஞ்சி வாங்கப் போனால், உன் பேரு என்ன என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவார்கள்.

பெரிய டாக்டர் முகாமிலிருந்து வந்ததும் விசாரணை நடந்தது. சின்ன டாக்டர் உள்ளதை உள்ளபடி சொன்னார், ஒரு வார்த்தை கூட்டவில்லை. உத்தரவை மீறினேன், மருந்தைக் கொட்டினேன், நோயாளியைக் காக்க வைத்தேன். எல்லாம் உண்மை. பாக்கியம் சிஸ்டரும் அங்கே இருந்தார். எனக்காகப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பேரு யாரு சொன்னா?"

"அவருக்க பெஞ்சாதி, சிஸ்டர்."

அவர் எழும்பிப் போய்விட்டார். சத்தம் கேட்கவில்லை.

மருந்து அலமாரிச் சாவியை என்னிடமிருந்து வாங்கித் தானியேலிடம் கொடுத்தார்கள். என்னைக் கட்டுத்துணி துவைக்க அனுப்பினார்கள், சேர்ந்த புதிதில் செய்த அதே வேலை. சின்ன டாக்டர் முன்னால், நான் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் சாவி திரும்பி வரும் என்று பெரிய டாக்டர் சொல்லி அனுப்பினார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் சொல்லவில்லை. உத்தரவை மீறியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், டாக்டரை எதிர்த்துப் பேசியதற்கும் கேட்கிறேன், பேரைக் கேட்டதற்கு மட்டும் கேட்கமாட்டேன் என்றேன். அது போதாது என்றார்கள். போதாவிட்டால் போகட்டும் என்று துவைத்தேன்.

மருந்து சரியாகத்தானே இருந்தது என்று இன்றைக்கும் கேட்பார்கள். சரிதான். ஆனால் சரி என்பது எனக்கு எப்போது தெரியும்? அவள் வாய் திறந்த பிறகுதான் தெரியும். அதற்கு முந்தி, என் கையிலிருந்த கிளாஸில் பாதி மருந்து, பாதி விஷம். அப்படி ஒரு கிளாஸை ஒரு மனுஷன் வாயில் சரிக்க எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

வேலாயுதம் தேறினார். ஆறுமுகமும் கொயினா இல்லாமலே மெல்ல மெல்லத் தேறினார். அவர்கள் போகிற அன்றைக்கு நான் கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். பொன்னம்மை மட்டும் தனியாக அங்கே வந்தாள். நன்றி சொல்ல வந்திருப்பாள் என்று பிழிந்த துணியைக் கீழே வைத்தேன்.

"அவருக்கு நாள் குறைஞ்சா உம்மைத்தான் கேப்பேன்" என்றாள்.

"கேளும்" என்றேன். "நான் இங்கதான் இருப்பேன்."

அவள் போய்விட்டாள். பிறகு கேட்க வரவில்லை. அவர் நெடுநாள் இருந்தாரா, அவளுக்கு மலையை விட்டு இறங்கமுடியாமல் போனதா, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் சில நாள் அது மனதில் வரும். வந்தாலும் நான் செய்ததை மாற்றிச் செய்திருக்கலாம் என்று மட்டும் தோன்றியதில்லை.

சாவி எப்படித் திரும்பி வந்தது என்று கேட்பீர்கள். என் நியாயத்துக்காக வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில், சாவி வைத்திருந்த தானியேலுக்கே காய்ச்சல் வந்து படுத்துவிட்டான். வேறு ஆள் இல்லை. பாக்கியம் சிஸ்டர் கிணற்றடிக்கு வந்து, துணி சுற்றிய சாவியை என் ஈரக் கையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

அலமாரியைத் திறந்தேன். வாசித்தேன், ஊற்றினேன், வாசித்தேன். தானியேல் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். ஒரே பாயில் படுத்தவன், என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழன். அவன் கட்டில் பக்கத்தில் போய்க் கிளாஸோடு நின்றேன். சின்ன டாக்டரும் அடுத்த கட்டிலில் ஒருவர் நாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உம்ம பேரு என்ன?" என்றேன்.

தானியேல் போர்வைக்குள்ளிருந்து முறைத்தான். "ஏலே, வெளையாடாதே. கொண்டா."

"பேரு?"

"சவத்து மூதி, என்னைத் தெரியாதா உனக்கு?"

"தெரியும். பேரைச் சொல்லும்."

வார்டில் சிரிப்புக் கிளம்பியது. நான் சிரிக்கவில்லை, கிளாஸையும் நீட்டவில்லை. அவன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. காய்ச்சலில் அவன் பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு, கடைசியில் பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்லுகிற பையனைப் போல,

"தானியேல்" என்றான்.

"குடியும்" என்றேன். தொண்டைக்குக் கீழே இறங்கும்வரை நின்றேன்.

ரூபி, திங்கட்கிழமை நீ வார்டுக்குப் போவாய். அந்த மூத்த நர்சு பக்கத்தில் நிற்பாள். கட்டிலில் நம்பர் இருக்கும். நீ தட்டைப் பிடித்துக்கொண்டு நில்லு. கேளு, ஏட்டி. அவர்கள் வாய் திறக்கும்வரை நில்லு.